செய்மதி கண்ட கிளார்க்

வன்னி வீட்டு முற்றங்களில் வானை நோக்கி அசையாது நிற்கும் தொலைக்காட்சித் தட்டினை நேயர்கள் கண்டிருப்பீர்கள். அது திரும்ப வேண்டுவதில்லை. ஏன்? பூமத்தியரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் செய்மதி, பூமியோடு ஒத்துச் சுழல்வதால் ஓரிடத்தில் நிலைத்தது போலத் தோன்றும். இத்தகைய மூன்றினால் உலகெங்கும் ஒலிபரப்பலாமென 1945 இல் எழுதியவர் ஆங்கிலேய விஞ்ஞானப் புனைகதை ஆசிரியர் ஆதர் சீ. கிளார்க். சன்மானம் 15 பவுண், காப்புரிமை பெற்றாரில்லை. பெற்றிருப்பினும், முதல் நிலைச் செய்மதி 1964 இல் ஏறுமுன் அது காலாவதியாகியிருக்கும்!

1956 இல் இலங்கையிற் குடியேறினார். திருகோணமலைச் சுவாமிமலையடியில் நண்பருடன் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் கற்றூண்களைக் கண்டார். இளம்பிள்ளைவாதத்தின் விளைவாகப் பின்னாளிற் சக்கர நாற்காலியிலிருந்தும் எழுதுவதை விட்டாரில்லை. 2008 மார்ச் 19 இல் கொழும்பிலேயே மறைந்தார்.