தவக்காலமும் இரவு வேலையும்

இந்த நாட்டுக்குப் புதிதாக வந்த குடும்பங்கள் சில எங்களிடம் கேட்பதுண்டு: "ஜேர்மனியில் தவக்காலம் எப்படி? ஒருசந்தி இருந்துகொண்டு வேலைக்குப் போகலாமா?" நாங்கள் இருவரும் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்ல. ஒரே தொழிற்சாலையில் மூன்று சிப்ட் மாறிமாறி வேலை செய்கிறவர்கள். பட்டறிந்ததை எழுதுகிறோம்.

ஊரில் தவக்காலம் வந்தால் எவரும் சொல்லத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை கோயில் மணி அடிக்கும், சனம் சிலுவைப்பாதைக்குப் போகும். பெரிய கிழமையில் யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தைக் கேட்டு அம்மாமார் அழுவார்கள். இங்கே றைன் நதிப் பக்கத்தில் திருநீற்றுப் புதனுக்கு முந்திய திங்கட்கிழமை தெருவெல்லாம் கார்னிவல். வேஷம் போட்டுக் குடித்து ஆடுகிறார்கள். முதல் வருடம் ஏதோ குழப்பம் என்று பயந்து கதவைப் பூட்டிவிட்டோம்! புதன் மாலை பார்த்தால் அதே சனத்தில் சிலர் நெற்றியில் சாம்பலோடு கோயிலில் நிற்கிறார்கள்.

திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி இரண்டு நாள்தான், திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். 18 வயது முடிந்தவர்கள் 59 வயது முடியும் வரை இருக்க வேண்டும். ஒரு நேரம் வயிறாரச் சாப்பிடலாம், மற்ற இரு நேரமும் கொஞ்சம். அந்த நாட்களில் இறைச்சி கூடாது. இது 14 வயதிலிருந்தே. பெரிய வெள்ளி இங்கே விடுமுறை, புதன் அப்படியல்ல.

இது தெரியாமல் நாங்கள் அந்தப் புதனன்று தண்ணீரும் குடியாமல் இரவு வேலைக்குப் போனோம். 2009 தவக்காலம் முழுவதும் வன்னியில் பதுங்குகுழிக்குள் கிடந்தவர்கள் நாங்கள். கஞ்சியும் கிடைக்காத நாட்கள் அவை. அதைத் தாங்கிய உடம்புக்கு இது என்ன என்ற எண்ணம். விடிய மூன்று மணிக்கு வீட்டுக்காரி தலைசுற்றி மெசினடியில் விழப் பார்த்தா. ஒரு கைதான் இடைவெளி.

தமிழ்ப் பூசைக்கு வரும் சுவாமியிடம் இதைச் சொன்னோம். மெச்சுவார் என்று நினைத்தோம். அவரோ, மெசினுக்குள் விழும்படி ஆண்டவர் கேட்கவில்லை என்று கண்டித்துவிட்டு, "நீங்கள் யாரோடு கதைக்காமல் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

எங்களுக்கு முகம் கறுத்துப் போய்விட்டது. நாங்கள் பிடித்த சீட்டில் ஊர்ச் சிநேகிதர் ஒருவர் முதலிலேயே காசை எடுத்துவிட்டு, பிறகு கட்டவில்லை. மற்றவர்களுக்கு 1,800 யூரோ நாங்கள் கட்டினோம். அப்பாவின் கண் ஒப்பரேசனுக்கு வைத்திருந்த காசு அது. ஒப்பரேசன் எட்டு மாதம் பிந்தியது. இரண்டு வருடமாக அவர் கோயிலில் வலப்பக்கம், நாங்கள் இடப்பக்கம். சமாதானம் சொல்லும் நேரம் அவர் இருக்கும் பக்கம் திரும்பவே மாட்டோம். பசி கிடப்பது அதைவிடச் சுகமாக இருந்தது, உண்மையைச் சொன்னால்.

நாலாவது வெள்ளி வேலை முடிந்து வந்து போன் எடுத்தோம். எடுத்தது அவருடைய மனைவி. அவர்களுடைய அகதி வழக்கு இரண்டு தரம் நிராகரிக்கப்பட்டதாம், கையில் இருந்ததெல்லாம் வழக்கறிஞருக்குப் போய்விட்டதாம். வெட்கத்தில் சொல்லவில்லையாம். அதை ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று எங்களுக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் போனை வைக்கவில்லை. பிறகு அவர் வந்து, "அண்ணை, மாதம் ஐம்பது யூரோப்படி தாறன்" என்றார். சரி என்றோம். மனம் முழுக்க ஆறிவிட்டது என்று எழுதினால் அது பொய்.

பெரிய வியாழன் பூசை முடிந்து அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கடித உறைக்குள் ஐம்பது யூரோ இருந்தது. வீட்டுக்காரி அதை எண்ணாமல் மேசையில் வைத்துவிட்டு, பிள்ளைகளுக்குப் புட்டு அவிக்கப் போனா.