பி.காம். படிச்சியே, இதைப் பார்றா!

வீட்டில் ஒருத்தன் பி.காம். படித்துவிட்டால் போச்சு. சொந்தபந்தம் அத்தனை பேருடைய வரிக் கவலையும் அவன் தலையில்தான் வந்து விடியும். 'உள்வருவதைப் பற்று வை, வெளிச்செல்வதை வரவு வை' என்று மூன்று வருஷம் சொல்லிக் கொடுத்தார்களே தவிர, வீட்டு வரியைப் பற்றி எங்கள் காலேஜில் யாரும் மூச்சு விடவில்லை. இதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்?

2022-ல் திருவண்ணாமலையிலிருந்து சித்தப்பா போன் பண்ணினார்.

"டேய் தம்பி, நகராட்சியிலேர்ந்து நோட்டீஸ் வந்திருக்கு. வரி ஏறிப் போச்சு. வந்து என்னன்னு பாரேன்."

அந்த வருஷம் ஏப்ரலில்தான் தமிழ்நாடு முழுக்க சொத்து வரியை உயர்த்தி அறிவிப்பு வந்திருந்தது. சென்னைக்குத் தனிக் கணக்கு. திருவண்ணாமலை மாதிரி ஊர்களில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம் உயர்வு. 601 முதல் 1,200 வரை 50 சதவீதம். 1,201 முதல் 1,800 வரை 75. அதற்கு மேலே போனால் 100. கடை, வணிகக் கட்டடம் என்றால் அளவு பார்க்காமல் 100!

"சித்தப்பா, உங்க வீடு எத்தனை சதுர அடி?"

"சின்ன வீடுதான்டா."

"சின்னதுன்னா?"

"உங்க சித்தி கோலம் போட ஆரம்பிச்சா வாசல் முடிஞ்சு வீட்டுக்குள்ள வந்துடும். அவ்ளோதான்."

இந்த அளவு எந்தச் சட்டத்திலும் இல்லை. பஸ் ஏறினேன்.

பே கோபுரத் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் வீடு. நோட்டீஸைத் தேடியதில் காலண்டர் ஆணியிலிருந்து கிடைத்தது. மேலே சலவைக் கணக்கு, கீழே கேஸ் ரசீது, நடுவில் நோட்டீஸ். அதில் 650 சதுர அடி என்று இருந்தது.

அளந்து பார்த்துவிடலாம் என்றேன். சித்தப்பா டெய்லர். கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். 60 அங்குல டேப்பை வைத்துக்கொண்டு ஒரு வீட்டை அளப்பது என்ன பாடு என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். சுவரைத் தோள்பட்டை மாதிரி தடவித் தடவி அளந்தார். மொத்தம் 560.

பாக்கி 90 சதுர அடி எங்கே?

சித்தப்பா வாசலைக் காட்டினார். "கடைடா. உங்க சித்தியோட இட்லிக் கடை."

பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றிவிட்டுக் கால் வலியோடு வருகிறவர்களுக்கு ராத்திரி முழுக்க இட்லி அவித்துப் போட்ட கடை. முன்னால் ஷீட் போட்டு நடத்திக்கொண்டிருந்தார். 2015-ல் சித்தி போய்விட்டார். அடுத்த வருஷ மழையில் ஷீட் சரிய, சித்தப்பா மொத்தத்தையும் பிரித்துப் போட்டுவிட்டார்.

"ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கலையா?"

"எழுதணும்னு தெரியாதுடா" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "தெரிஞ்சிருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்" என்றார்.

கட்டினால் மட்டுமில்லை, இடித்தாலும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவேட்டில் கடை இருந்துகொண்டேதான் இருக்கும். இல்லாத கடைக்கு ஆறு வருஷமாக வரி கட்டியிருக்கிறார் மனுஷர். இப்போது அந்த 90 அடியால் வீடு 600-ஐத் தாண்டி, 25 சதவீதத்திலிருந்து 50-க்குப் போய்விட்டது. கடைப் பகுதிக்கு 100. பழைய வரி அரையாண்டுக்கு 800 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 25 சதவீதம் ஏறினால் 1,000. 50 ஏறினால் 1,200. ஜாக்கெட் தைத்துச் சம்பாதிக்கிறவருக்கு அது சும்மா இல்லை.

டீக்கடையில் இதே பேச்சுதான். "ஊரே திரண்டு போய் உட்காரணும் சார்!" என்றார் ஒருவர். உட்கார்ந்திருக்கிறார்கள், வேறொரு கோயில் ஊரில். 1810-ல் கம்பெனி அரசு வீட்டு வரி போட்டபோது காசி ஜனங்கள் கடைகளை மூடிவிட்டு, ஊருக்கு வெளியே மைதானத்தில் போய் நாள்கணக்கில் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் கம்பெனிதான் அந்த வரியைக் கைவிட்டது.

பெஞ்சில் ஒரு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வேறு ஊரில் வரிப் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவராம். பேப்பரை மடித்தார். "தம்பி, வரி விகிதம் அதிகம்னா அது ஊர் பிரச்னை. கவுன்சிலரைக் கேளு, பகுதி சபைக் கூட்டத்துல கேளு. ஆனா உன் வீட்டோட அளவு தப்புன்னா அது உன் பிரச்னை. அதுக்கு மைதானம் வேணாம். ஒரு பேப்பரும் பேனாவும் போதும்."

ஒரு டீ வாங்கிக் கொடுத்ததற்கு அவர் சொன்னதெல்லாம் இதோ:

நோட்டீஸ் வந்ததும் தொகையைப் பார்த்து மயங்கி விழாதீர்கள். அளவு சரியா? வீடா, கடையா என்பது சரியா? தளமா, ஓடா, கூரையா? கட்டடத்தின் வயசு என்ன? உங்கள் தெரு எந்த மண்டலத்தில் வருகிறது? இந்த ஐந்தையும் பாருங்கள். தொகை இவற்றிலிருந்துதான் பிறக்கிறது.

தப்பு இருந்தால் நோட்டீஸில் போட்டிருக்கிற கெடுவுக்குள் ஆணையருக்கு ஆட்சேபணை மனு கொடுக்க வேண்டும். பழைய ரசீது, வரைபடம், போட்டோ இணைத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் மேல்முறையீடு. அதற்குப் பொதுவாக வரியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். 'மனு போட்டாச்சு, இனி கட்ட வேண்டாம்' என்று காலை நீட்டிப் படுத்துவிடாதீர்கள்.

பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லையா? 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 'நான் முடிச்சுக் கொடுத்துடறேன் சார்' என்று யாராவது தோளில் கை போட்டால், கையை எடுத்துக் கீழே வைத்துவிடுங்கள்.

"பூஜை ரூமுக்கு விலக்கு உண்டா சார்?" என்று ஒரு குரல். சிரிப்பு. இல்லை! பொது வழிபாட்டு இடங்களுக்குத்தான் விலக்கு. வாடகை வாங்காத சத்திரம், தர்ம ஆஸ்பத்திரி இவையெல்லாம் 1920-ஆம் வருஷத்து மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே விலக்குப் பட்டியலில் இருந்தவை. மாடி ரூமைப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாடகைக்கு விட்டுவிட்டு, 'பக்தர் சேவை' என்று எழுதிக் கொடுத்தால் எடுபடாது.

அன்று சாயங்காலம் மனு எழுதினோம். நான் சொல்லச் சொல்ல சித்தப்பா எழுதினார். 'மேற்படி கடை தற்போது இல்லை' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"நடத்தி வந்தவர் காலமானபடியால்னு சேர்க்கலாமா?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தேவையில்லை. சேர்த்தா தப்பும் இல்லை."

சேர்த்தார்.

ஆபீஸிலிருந்து வந்து நிஜமான டேப்பைப் பிடித்து அளந்தார்கள். 560. சித்தப்பாவின் இஞ்ச் டேப் ஒரு அடி கூடத் தப்பவில்லை! கடை பதிவேட்டிலிருந்து போயிற்று. வரியும் 25 சதவீத வரிசைக்கு இறங்கிவிட்டது. கடை பேர் போட்ட பழைய ரசீது ஒன்றை மட்டும் சித்தப்பா தனியாக எடுத்து சித்தி போட்டோவுக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.

2024 ஆகஸ்டில் திருவண்ணாமலை மாநகராட்சி ஆகிவிட்டது. சுற்றியுள்ள ஊராட்சிகள் சிலவும் சேர்ந்திருக்கின்றன. இத்தனை நாள் ஊராட்சியில் வீட்டு வரி கட்டியவர்கள் இப்போது பதிவேட்டில் தங்கள் வீட்டின் அளவை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. அரையாண்டு தொடங்கும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் ஒரு சதவீதம் வட்டி.

போன மாதம் போயிருந்தேன். சித்தப்பா கடையில் இல்லை. மெஷின்மேல் பாதி தைத்த சட்டை கிடந்தது.

"எங்கே அவர்?" என்றேன் பக்கத்து வீட்டு அக்காவிடம்.

"அடுத்த சந்துல ஒரு வீட்டுக்கு நோட்டீஸ் வந்துருக்காம். டேப்பை எடுத்துக்கிட்டு அளக்கப் போயிருக்காரு தம்பி."