சாத்தம் மர ஆலையும் சமீர் ஆச்சார்யாவும்

அந்தமானில் உள்ள சாத்தம் மர அறுவை ஆலை 1883-இல் தொடங்கப்பட்டது. நம் வேங்கையின் இனமான படாக், அந்தமான் காடுகளிலிருந்து வந்து, செந்நிறப் பலகைகளாக அறுபட்டு இங்கிருந்து கப்பலேறியது.

நூறாண்டு கடந்தும் நீண்ட மரவெட்டுக்கு எல்லை கட்டியதில் பெரும்பங்கு, போர்ட் பிளேரைச் சேர்ந்த சமீர் ஆச்சார்யாவுடையது. அவர் நிறுவிய அந்தமான் நிக்கோபார் சூழலியல் சங்கம், கல்பவிருட்சம் என்ற சூழல் அமைப்பு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் ஆகிய மூன்றும் இந்த மரவெட்டுக்கு எதிராக 1998-இல் உச்ச நீதிமன்றம் சென்றன.

நீதிமன்றம் அமர்த்திய சேகர் சிங் ஆணையம் தீவுகளை ஆராய்ந்தது. அதன் பரிந்துரைகளை ஏற்ற 2002 மே 7 ஆணை, பழங்குடிக் காப்பகங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் மரம் வெட்டத் தடை விதித்தது; தீவுக்கு வெளியே மரம் அனுப்புவதையும் நிறுத்தியது. இத்தீவுகளின் காடுகளுக்குக் கிடைத்த பெரிய சட்டப் பாதுகாப்பு இது. அந்த ஆணை கடற்கரை மணல் அள்ளுவதையும் கட்டுப்படுத்தியது. ஜாரவா பழங்குடி மக்களின் காட்டை ஊடறுக்கும் அந்தமான் நெடுஞ்சாலைப் பகுதியை மூடவும் சொன்னது. அந்தச் சாலை இன்னும் மூடப்படவில்லை.