கடைக்கு என்ன பெயர்?

பழைய லக்கலவில் பெயர்ப்பலகை யாருக்கு வேண்டியிருந்தது? ஆளைச் சொன்னால் கடை தெரியும். களுகங்கை நீர்த்தேக்கம் அந்நகரை மூடியது. 2019இல் திறந்த புதிய நகரில் அடுத்த கடைக்காரரே நமக்குப் புதியவர்.

சொந்த முழுப்பெயரை மட்டும் வைத்தால் பதிவு வேண்டாம். 'ஸ்டோர்ஸ்' என்று சேர்த்தாலே வேண்டும். 1918ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தொட்டு வரும் விதி இது. பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

பதிவுப் பத்திரம் கிடைத்ததும் பெயர் நமதாகிவிட்டது என எண்ணுகிறோம். அங்குதான் பிழை விடுகிறோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பதியாத வியாபாரப் பெயரையும் காக்கிறது. வாடிக்கையாளர் மயங்கும்படி அதை எடுத்தால் முந்தியவர் வழக்கிடலாம். முன்னால் 'நியூ' போட்டுத் தப்புவதும் கடினம்.

நாவுல, மாத்தளைக் கடைத்தெருக்களைப் பார்த்தபின் பலகை எழுதக் கொடுப்போம். மூழ்கிய ஊரின் பெயரை வைக்க ஆசையா? அதே ஊரார் எவரேனும் முன்பே வைத்துவிட்டாரா எனக் கேட்டுக்கொள்வோம்.