பேசாத சாட்சிகள்

1915 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த வெஸ்ட் ஷெல்பி என்னும் சிற்றூரில், முதிய குடியானவர் ஒருவரும் அவருடைய வீட்டைப் பேணிவந்த பெண்மணியும் இரவில் சுட்டுக் கொல்லப்பட்டனர். எதிரில் குடியிருந்த சார்லஸ் ஸ்டீலோ என்னும் பண்ணையாள் மீது ஐயம் விழுந்தது. கொலைக்குப் பயன்பட்ட குண்டுகளின் அளவுக்கு ஏற்ற கைத்துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. கல்வியறிவு குறைந்த அவரைத் தனியார் துப்பறிவோர் நெடுநேரம் உசாவி, குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஒரு வாக்குமூலத்தையும் பெற்றுவிட்டனர்.

வழக்கு மன்றத்தில் 'வல்லுநர்' ஒருவர் சாட்சி கூறினார். தம்மை டாக்டர் என்று அழைத்துக்கொண்ட அவர் மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். ஸ்டீலோவின் துப்பாக்கி வாயில் ஒன்பது கீறல்கள் உள்ளன என்றும், அவற்றுக்கு இணையான கீறல்கள் கொலைக்குண்டுகளின் மேல் தமக்குப் புலப்படுகின்றன என்றும் அவர் உறுதியாக உரைத்தார். ஜூரிமார் நம்பினர். ஸ்டீலோவுக்கு மின்நாற்காலியில் மரண தண்டனை விதிக்கப்பட்டது.

அவர் குற்றமற்றவர் என்று கருதிய சிலர் விடாது முயன்றமையால் தண்டனை தள்ளிப்போயிற்று. 1916 இல் ஆளுநர் விட்மன் அதனை ஆயுள் தண்டனையாக மாற்றி, வழக்கை மீண்டும் ஆராயுமாறு பணித்தார். ஆராய்ந்தோருள் ஒருவரான சார்லஸ் வெயிட் என்பார் செய்தது மிக எளிய செயல். ஸ்டீலோவின் துப்பாக்கியால் புதிய குண்டுகளைச் சுடச் செய்தார். அவற்றையும் கொலைக்குண்டுகளையும் எடுத்துக்கொண்டு, ராச்செஸ்டர் நகரில் கண்ணாடி வில்லைகள் செய்யும் பாஷ் அண்டு லாம் தொழிற்சாலைக்குச் சென்றார். அங்கிருந்த ஒளியியல் அறிஞர் மாக்ஸ் போசர் அவற்றை உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கினார். முன்னவர் கூறிய ஒன்பது கீறல்களுள் ஒன்றேனும் குண்டுகளில் காணப்படவில்லை! கொலைக்குண்டுகளைச் சுட்ட குழலின் உட்புறத்தில் ஒரு மேடு இயல்புக்கு மாறாக அகன்றிருந்தது என்பதும், ஸ்டீலோவின் குழலில் அத்தகைய குறை இல்லை என்பதும் தெளிவாயின. 1918 இல் ஸ்டீலோ விடுதலை பெற்றார்.

ஓர் உயிரைக் காத்தது ஒரு வில்லை. பொய்ச்சான்று கூறியவரும் வல்லுநர் என்னும் பெயரோடுதான் மன்றம் ஏறினார் என்பதையும் நாம் மறத்தலாகாது. குற்றம் நிகழ்ந்த இடத்தில் எஞ்சிய பொருள்களை அறிவியல் முறையால் ஆராய்ந்து, நீதிமன்றத்துக்கு உண்மையை எடுத்துரைக்கும் கலையே தடய அறிவியல் ஆகும். அதன் பல கிளைகளுள் பௌதிகத்தைச் சார்ந்த கிளையை இங்குச் சிறிது விரிவாகக் காண்போம்.

துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் திருகுசுருள் வடிவில் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றின் வழியே செல்லும் குண்டு பம்பரம்போற் சுழன்று நேராகப் பாய்கிறது. அவ்வாறு செல்லுங்கால் குழலின் மேடுபள்ளங்களும், அவற்றை வெட்டிய கருவி விட்டுச்சென்ற நுண்கீறல்களும் குண்டின் மேற்பதிகின்றன. ஸ்டீலோ வழக்கினால் உள்ளம் தூண்டப்பெற்ற வெயிட், பல நாடுகளின் துப்பாக்கித் தொழிற்சாலைகளைக் கண்டு அவற்றின் அளவுகளைத் தொகுத்தார். அவருடைய தோழர்களுள் ஒருவரான பிலிப் கிராவெல், இரண்டு உருப்பெருக்கிகளை ஒரே கண்வில்லையுடன் இணைத்து, இரு குண்டுகளையும் அருகருகே ஒரே பார்வையில் காணுமாறு செய்தார். ஒன்றைப் பார்த்து நினைவில் வைத்துக்கொண்டு பின்னர் மற்றொன்றைப் பார்க்கும் தொல்லை இதனால் ஒழிந்தது. இந்த ஒப்பீட்டு உருப்பெருக்கி இன்றும் தடய ஆய்வுக்கூடங்களில் உள்ளது.

கண்ணாடி உடையும் முறையும் வியப்புக்குரியது. சன்னற் கண்ணாடியின் மீது ஒரு கல் மோதினால், கண்ணாடி சற்றே வளைகிறது. மோதிய பக்கம் நெருக்குண்கிறது, மறுபக்கம் இழுக்கப்படுகிறது. கண்ணாடி நெருக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஆதலின், மையத்திலிருந்து கதிர்போற் பரவும் பிளவுகள் மோதிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலேயே தொடங்குகின்றன. உடைந்த துண்டின் விளிம்பை நோக்கினால் அங்கு வளைந்த கோடுகள் தெரியும். அக்கோடுகள் செங்குத்தாக நிற்கும் பக்கத்தைக் கண்டு, அடி வந்தது வெளியிலிருந்தா, உள்ளிருந்தா என்று கூறிவிடலாம். திருடன் உடைத்தான் என்று முறையிட்ட வீட்டுக்காரரே உள்ளிருந்து உடைத்திருப்பின் அக்கண்ணாடி அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு குண்டுகள் துளைத்த கண்ணாடியில் எது முந்தியது என்பதும் தெரியவரும். பிந்திய துளையின் பிளவுகள், முன்னரே உள்ள பிளவை அடைந்ததும் அங்கேயே நின்றுவிடும். அதனைத் தாண்டிச் செல்லா.

ஐயத்துக்குரியவரின் ஆடையில் ஒட்டிய கண்ணாடித் துகளும் ஒருவகைச் சாட்சியே. அத்துகளை ஓர் எண்ணெயில் இட்டு மெல்லச் சூடாக்குவர். வெப்பம் ஏற ஏற எண்ணெயின் ஒளிவிலகல் எண் குறையும். அது கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணுக்குச் சமமாகும் கணத்தில் துகளின் விளிம்பு மறைந்துவிடும். அந்த வெப்பநிலையைக் கொண்டு துகளின் ஒளிவிலகல் எண்ணைக் கணித்து, உடைந்த சன்னலின் கண்ணாடியோடு ஒப்பிடுவர். வகுப்பறையில் நாம் ஏட்டளவில் கற்கும் ஒளிவிலகல் இங்கே வழக்குரைக்க வந்துவிடுகிறது.

சாலை விபத்துகளிலும் இத்துறைக்கு வேலை மிகுதி. தடையை அழுத்தியதும் சக்கரங்கள் சுழலாது வழுக்கினால் சாலையில் கரிய தடம் பதியும். அத்தடத்தின் நீளம் 20 மீட்டர், உராய்வுக் குணகம் 0.7 எனக் கொள்வோம். நாம் அறிந்த சமன்பாட்டின்படி, 2, 0.7, 9.8, 20 ஆகியவற்றைப் பெருக்கி வர்க்கமூலம் காண, வினாடிக்கு 16.6 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் என்னும் வேகம் கிடைக்கிறது. வழுக்கிச் சென்ற வண்டி எதன்மீதேனும் மோதியே நின்றிருப்பின், வேகம் இதனினும் மிகுந்திருக்க வேண்டும். இக்காலத்து வண்டிகள் பலவற்றில் சக்கரம் பூட்டிக்கொள்ளாதவாறு அமைப்பு இருப்பதால், தடம் மங்கலாகவே பதிகிறது; ஆராய்வோர் வேறு குறிகளைத் தேட வேண்டியுள்ளது. இரவில் விளக்கின்றி வந்தான் என்று ஒருவர்மீது ஒருவர் பழி கூறும்போது, உடைந்த இழைவிளக்கே விடை தரும். எரிந்துகொண்டிருந்த குமிழ் உடைந்தால், காற்றுப்பட்ட டங்ஸ்டன் இழை மஞ்சளும் வெண்மையுமாகிய துகள் படிந்து கெடும். அணைந்திருந்த விளக்கின் இழை பளபளப்பு மாறாமல் இருக்கும்.

வண்டிகளிலும் துப்பாக்கிகளிலும் அடித்துப் பொறித்த எண்ணைக் கள்வர் அரத்தால் தேய்த்து அழிப்பதுண்டு. எண் மறைந்தாலும், அதனை அடித்தபோது அடியிலுள்ள உலோகம் நெருக்குண்டு நிலை மாறியிருக்கும். தகுந்த அமிலக் கலவையைத் தடவினால் அப்பகுதி மற்றப் பகுதியினும் விரைந்து கரைய, அழிந்த எண் மீண்டும் தோன்றும்.

நம் நாட்டில் இத்துறைக்கு நீண்ட வரலாறு உண்டு. நஞ்சுகளை ஆராய்வதற்கெனச் சென்னையில் 1849 இலேயே இரசாயனப் பரிசோதகர் ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. கைரேகை நிலையம் 1897 இல் கல்கத்தாவில் தொடங்கப்பெற்றது. 1991 இல் திருப்பெரும்புதூரில் முன்னாள் பிரதமர் இராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, சிதறிக் கிடந்த துணித் துணுக்குகளையும் கம்பித் துண்டுகளையும் பொருத்திப் பார்த்து, வெடிகுண்டு இடுப்பில் அணியப்பட்டது என்று நிறுவியவர் தமிழ்நாட்டுத் தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த சந்திரசேகரன் ஆவார். அவருக்கு 2000 இல் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது.

இத்துறையில் ஈடுபட விரும்புவோர் பள்ளியில் கணக்கையும் அறிவியலையும் ஊன்றிக் கற்றுப் பின்னர்ப் பௌதிகம், இரசாயனம், உயிரியல் ஆகியவற்றுள் ஒன்றில் பட்டமும் மேற்பட்டமும் பெறுதல் வழக்கம். தடய அறிவியலையே தனிப் பாடமாகக் கற்பிக்கும் கல்லூரிகளும் உள்ளன; 2020 இல் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் குசராத்தின் காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. நஞ்சாய்வு, மரபணு ஆய்வு, கையெழுத்தாய்வு, வெடிபொருள் ஆய்வு, கணினித் தடய ஆய்வு எனப் பணிகள் பலவாகும். ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய வல்லுநர் குற்ற இடத்துக்கே செல்லவேண்டும் என 2023 இல் இயற்றப்பட்டு 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் கூறுவதால், ஆட்களின் தேவையும் பெருகி வருகிறது.

திரைப்படங்களிற் காண்பதுபோல் இது நொடியில் முடியும் வேலையன்று. ஒரு துகளின்முன் நாள் முழுதும் அமர்ந்திருக்க நேரும். செய்தவை யாவற்றையும் குறித்து வைத்தல் வேண்டும். பிறகு கூண்டில் ஏறி, எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் வினாக்களுக்கு விடை கூறுதல் வேண்டும். தேர்ந்தவர்களும் பிழைபடுவதுண்டு. 2004 இல் மாட்ரிட் நகரத்து இரயில்களில் குண்டு வெடித்தபின், அங்குக் கிடைத்த கைரேகை ஓர் அமெரிக்க வழக்கறிஞருடையதே என்று அந்நாட்டுப் புலனாய்வுத் துறையினர் உறுதி கூறி அவரைச் சிறைப்படுத்தினர். ஸ்பெயின் நாட்டார் அது வேறொருவருடையது எனக் கண்டறிந்த பின்னரே அவர் விடுவிக்கப்பட்டார். ஆதலின் நல்ல ஆய்வுக்கூடங்களில் ஒருவர் கண்ட முடிவை மற்றொருவர் தனியே சரிபார்க்கிறார். தடயம் போதாதபோது, 'முடிவு கூற இயலவில்லை' என்று எழுதிக் கையொப்பமிடுவதும் அவர்கள் கடமையே. அவ்வாறு எழுதப்படும் அறிக்கைகள் சிலவல்ல.