கற்பூரம் பறக்கிறது, உப்பு கிடக்கிறது!

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணி. 2,668 அடி உயர மலையின் உச்சியில், செப்புக் கொப்பரையில் தீபம் ஏறுகிறது. ஆயிரக்கணக்கான கிலோ நெய். ஆயிரம் மீட்டருக்கு மேல் காடாத் துணித் திரி. கீழே ராஜகோபுரத்தின் முன்னால் ஜனங்கள் கற்பூரம் ஏற்றுகிறார்கள். நெய்க்குத் திரி வேண்டியிருக்கிறது, கற்பூரத்துக்கு வேண்டாம். ஏன் என்று எப்போதாவது யோசித்ததுண்டா?

ஒரு கட்டிக் கற்பூரத்தையும் ஒரு கல் உப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வெள்ளை, இரண்டும் படிகம். தீக்குச்சியைக் காட்டினால் கற்பூரம் சட்டென்று பற்றிக்கொள்ளும். உப்பு அசையாது. உப்பை உருக்க 801 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் தேவை. கற்பூரமோ சுமார் 175 டிகிரியிலேயே உருகும். அதற்குக்கூடக் காத்திராமல், அலமாரியில் இருந்தபடியே ஆவியாகி மறையும். அந்த ஆவிதான் எரிகிறது. பிறகு திரி எதற்கு? (டப்பாவில் நாலு மிளகு போட்டால் கரையாது என்பார்கள் பாட்டிமார். மூடியை இறுக்குவதே உத்தமம்!)

ரகசியம் அணுக்களின் உறவில் இருக்கிறது. உப்பில், சோடியம் தன் எலெக்ட்ரான் ஒன்றைக் குளோரினுக்குக் கொடுத்துவிடுகிறது. கொடுத்தது நேர்மின் அயனி, வாங்கியது எதிர்மின் அயனி. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின், ஒவ்வொரு குளோரினைச் சுற்றியும் ஆறு சோடியம் என்று கல் முழுவதும் ஒரே கட்டு. இன்ன சோடியத்துக்கு இன்ன குளோரின் ஜோடி என்று சொல்ல முடியாது. உப்புக் கல்லில் தனி மூலக்கூறு என்பதே கிடையாது. இது அயனிப் பிணைப்பு.

கற்பூரத்தில் கொடுக்கல் வாங்கல் இல்லை. எல்லாம் கூட்டுச் சொத்து. 10 கார்பன், 16 ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் அணுக்கள் எலெக்ட்ரான்களை ஜோடி ஜோடியாகப் பொதுவில் வைத்து ஒரு மூலக்கூறாகின்றன. 1916-இல் அமெரிக்க ரசாயன நிபுணர் கில்பர்ட் லூயிஸ் விளக்கிய சகப் பிணைப்பு இதுவே. வீட்டுக்குள் கட்டு பலம். பக்கத்து வீட்டோடு ஒட்டுறவு சொற்பம். ஆகவே மூலக்கூறுகள் உடையாமலே ஒவ்வொன்றாகக் கிளம்பிப் பறக்கின்றன. நெய்யும் சகப் பிணைப்புச் சரக்குதான். ஆனால் அதன் மூலக்கூறு மிகப் பெரிது, லேசில் எழும்பாது. திரியில் ஏறிச் சூடானால்தான் எரியும்.

உப்பு தண்ணீரில் கரையும். அந்தத் தண்ணீரில் மின்சாரமும் ஓடும். கற்பூரம் தண்ணீரில் கரைவது அற்பம். எண்ணெயைக் கண்டால் உடனே கரைந்துவிடும்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சளி பிடித்தால் தேங்காயெண்ணெயில் கற்பூரம் காய்ச்சிக் குழந்தையின் நெஞ்சில் தடவுவது நம் வீட்டு வழக்கம். எண்ணெயோடு சேர்கிற அதே குணத்தால் கற்பூரம் மெல்லிய தோலுக்குள்ளும் இறங்கும், மூளையையும் எட்டும். பச்சிளங் குழந்தைக்கு இது ஆபத்து. கல்கண்டு என்று நினைத்துக் கட்டியை விழுங்கிய குழந்தைகளுக்குச் சில நிமிஷங்களிலேயே வலிப்பு கண்டதுண்டு. அமெரிக்காவில் கற்பூர எண்ணெய் விற்பனையையே 1980-களில் தடுத்துவிட்டார்கள்.

பூஜைத் தட்டிலிருந்து குழந்தை கற்பூரத்தை எடுத்துத் தின்றுவிட்டால், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.