நோயாளிகளின் பிரதிநிதியாக மனுச் செய்வது எப்படி?

நம் சங்கங்களின் மகாசபையில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும்பொழுது, எழுந்து நின்று கேள்வி கேட்கும் உரிமை அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் உண்டு. ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு வாக்கு. நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே வாக்கு. நூலின் தரத்தையும் உரத்தின் எடையையும் பற்றி இவ்வாறு தயக்கமின்றிப் பேசிப் பழகிய நாமே, ஆஸ்பத்திரி வாசலை மிதித்தவுடன் வாயடைத்து நிற்கிறோம். வெளியூர் பஸ் வந்து சேருமுன்னரே சீட்டுக் கொடுத்து முடித்துவிட்டால் தொலைவிலிருந்து வருபவர் என்ன செய்வார், மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்பதை வாசிக்கத் தெரியாதவருக்கு யார் சொல்லுவார் என்றெல்லாம் கேட்க அங்கே மகாசபை கிடையாது. இக்குறையைப் போக்குவதற்கு இங்கிலாந்து தேசத்தில் அரை நூற்றாண்டாகப் பல முயற்சிகள் நடந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று நமது இயக்கத்திற்கே உறவு முறை உள்ளது. ஆகவே அதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

ராச்டேல் நகரின் கதையை நம் அங்கத்தினர்களுக்கு மீண்டும் சொல்ல வேண்டியதில்லை. நெசவாளர் பலரையும் கொண்ட 28 பேர் கொண்ட கூட்டம் 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் தேதி ஒரு சிறு கடையைத் திறந்தது. ஆளுக்கொரு வாக்கு என்ற அவர்களுடைய விதி உலகமெங்கும் பரவியது. ஏறக்குறைய நூற்றறுபது ஆண்டுகள் கழித்து, 2003ஆம் ஆண்டில், இங்கிலாந்துப் பார்லிமெண்ட் ஆஸ்பத்திரிகளைப் பற்றி ஒரு சட்டம் செய்தபோது, கூட்டுறவுச் சங்கங்களின் அமைப்பையே முன்மாதிரியாகக் கொண்டது. அச்சட்டத்தின்படி அமைந்த ஆஸ்பத்திரி ஸ்தாபனத்திற்கு ‘ஃபவுண்டேஷன் டிரஸ்ட்’ என்று பெயர். முதல் 10 ஸ்தாபனங்கள் 2004 ஏப்ரலில் தொடங்கின. அந்த வட்டாரத்தில் வசிப்பவரும், அங்கே சிகிச்சை பெற்றவரும், அங்கே வேலை பார்ப்பவரும் அங்கத்தினராகச் சேரலாம். பங்குத் தொகை கிடையாது. அங்கத்தினர்கள் வாக்களித்துக் கவர்னர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். கவர்னர் என்றதும் ராஜபவனத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். நமது பிரதிநிதி சபை அங்கத்தினருக்கு அங்கே அப்படிப் பெயர். சபையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஊழியர் அல்லாத அங்கத்தினர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஸ்தாபனத்தின் தலைவரையும், சம்பள உத்தியோகம் வகிக்காத டைரக்டர்களையும் நியமிப்பதும் நீக்குவதும் இச்சபையின் அதிகாரம். அது சாதாரண அதிகாரமன்று.

இதற்கு முன்பு நிலைமை எப்படி இருந்தது? 1948 ஜூலை 5ஆம் தேதி தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது வைத்தியம் எல்லோருக்கும் இலவசமாயிற்று. ஆனால் நோயாளிக்கென்று நிர்வாகத்தில் இடம் ஒதுக்கப்படவில்லை. 1974இல்தான் ஜில்லாதோறும் சமூக சுகாதாரக் கவுன்சில்கள் ஏற்பட்டன. அவற்றில் பாதிப் பேரை ஸ்தல ஸ்தாபனங்களும், மூன்றில் ஒரு பங்கினரைத் தொண்டு ஸ்தாபனங்களும் அனுப்பின. குறைகள் இருந்தபோதிலும், ஆஸ்பத்திரியை மூடுவதென்றால் இவர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்ற நிலை இருந்தது. 2003இல் இங்கிலாந்து அவற்றைக் கலைத்தது. பின்னர் நோயாளிகள் மன்றம் என்று ஒன்று வந்தது. 2008இல் அதுவும் போய் வேறொன்று வந்தது. 2013இல் அதற்குப் பதிலாக ஹெல்த்வாட்ச் வந்தது. வேல்ஸ் நாடு மட்டும் பழைய கவுன்சில்களை 2023 வரை காப்பாற்றி, பிறகு ‘லைஸ்’ என்ற ஒரே அமைப்பை நிறுவியது. அச்சொல்லுக்கு வெல்ஷ் மொழியில் ‘குரல்’ என்பதே பொருள்.

பலகையை மாற்றி மாற்றி மாட்டியதால் விளைந்த கேடு ஸ்டாஃபர்டு நகரில் வெளிப்பட்டது. 2005 முதல் 2009 வரை அவ்வூர் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் அழுக்கான படுக்கைகளில் விடப்பட்டார்கள்; தண்ணீர் கைக்கெட்டாத இடத்தில் வைக்கப்பட்டது; தாமே உண்ண இயலாதவருக்கு ஊட்டிவிட ஆள் இல்லை; அவசரப் பிரிவில் யாரை முதலில் பார்ப்பது என்பதைப் பயிற்சி பெறாத வரவேற்பு ஊழியர்கள் தீர்மானித்தார்கள். ராபர்ட் பிரான்சிஸ் என்ற வக்கீல் நடத்திய விசாரணையின் இறுதி அறிக்கை 2013 பிப்ரவரி 6ஆம் தேதி 290 சிபாரிசுகளுடன் வெளிவந்தது. அதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவ்வூரில் நோயாளிகளின் பெயரால் ஒரு மன்றம் இருக்கத்தான் இருந்தது. அது தன் உள்விவகாரங்களிலும் நடைமுறைச் சர்ச்சைகளிலும் காலத்தைக் கழித்தது. 2008 பிப்ரவரியில் அந்த ஆஸ்பத்திரிக்கு மேலே சொன்ன கூட்டுறவு மாதிரியான அந்தஸ்தும் கிடைத்தது, கவர்னர்களும் வந்தார்கள். ஆயினும் உண்மையை வெளியே கொண்டுவந்தவர்கள் உறவினரைப் பறிகொடுத்த குடும்பத்தார்தாம்.  உபவிதிகளை எழுதி ரிஜிஸ்தர் செய்துவிட்டாலே சங்கம் நடந்துவிடாது என்பதை அறிந்த நமக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. பிரதிநிதியாக யார் வருகிறார், எதற்காக வருகிறார் என்பதே பெரிய கேள்வி.

இனி மனுச் செய்யும் முறையைப் பார்ப்போம். கவர்னர் பதவிக்குத் தேர்தல் உண்டு. 16 வயது நிறைந்தவர் நிற்கலாம். இன்சால்வெண்டாகி விடுதலை பெறாதவரும், கடந்த ஐந்து ஆண்டுகளில் மூன்று மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை விதிக்கப்பட்டவரும் நிற்க முடியாது. பதவிக் காலம் மூன்று ஆண்டுக்கு மேற்படாது, மறுபடியும் நிற்கலாம். சம்பளம் கிடையாது; பிரயாணச் செலவு முதலியன கிடைக்கும். இன்னொரு வழி நியமனம். புற்றுநோய் சிகிச்சை, மகப்பேறு, மனநலம் என்று ஒவ்வொன்றுக்கும் அமைக்கப்படும் கமிட்டிகளில் நோயாளிகள் சார்பாக ஒருவரோ இருவரோ உட்காருவார்கள். இதற்கு விளம்பரம் செய்து மனுக்களைப் பெற்று, நேரில் பேசித் தேர்ந்தெடுப்பார்கள். விளம்பரத்தோடு வேலையின் விவரமும், ஆண்டில் எத்தனை நாள் வர வேண்டும் என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். அதை முதலில் படிக்காமல் மனுவை எழுதத் தொடங்குவது வீண் வேலை.

மனுவில் பட்டங்களைக் கேட்பதில்லை. நோயாளியாகவோ, நோயாளியைப் பராமரித்தவராகவோ உமக்கு என்ன அனுபவம் உண்டு என்று கேட்கிறார்கள். இங்கேதான் பலர் இடறுகிறார்கள். தமக்கு நேர்ந்த அநீதியைப் பக்கம் பக்கமாக எழுதி, அத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். அது புகார் மனு. அதற்கென்று வேறு இலாகாவும் வேறு முறையும் இருக்கின்றன. பிரதிநிதி மனுவில், தம் அனுபவத்தை நாலு வரியில் சொல்லி, அதனால் மற்றவர்களுடைய கஷ்டத்தில் எதைக் காணக் கற்றுக்கொண்டோம் என்பதை எழுத வேண்டும். மற்றவர்களின் அபிப்பிராயத்தை எப்படித் திரட்டுவீர் என்ற கேள்விக்குப் பதில் தெளிவாக இருக்க வேண்டும். ‘எல்லோரிடமும் பேசுவேன்’ என்று எழுதுவதால் பயனில்லை. ‘சங்கத்தின் மாதக் கூட்டத்தில் கேட்பேன்; நடக்க இயலாத முதியோரை வீட்டில் சென்று பார்ப்பேன்’ என்று எழுதினால் அதில் பொருள் உண்டு. நம்மைப் போன்ற சங்கத்தாருக்கு இது கைவந்த காரியம். பெரிய டாக்டர் ஒன்று சொல்ல, நீர் அதற்கு மாறாக நினைத்தால் என்ன செய்வீர் என்றும் நேர்முகத்தில் கேட்பதுண்டு. பணிந்துபோகிறவரும் வேண்டாம், சண்டை பிடிக்கிறவரும் வேண்டாம் என்பதே அக்கேள்வியின் கருத்து. மருந்துக் கம்பெனியோடு கொடுக்கல் வாங்கல் இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். கமிட்டியில் கேட்ட நோயாளியின் விவரத்தை வெளியே பேசக் கூடாது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுவோம். தறியை நிறுத்திவிட்டு வருகிற ஏழைக்கு அன்றைய கூலி போய்விடும். படி கிடைக்காவிட்டால் ஓய்வூதியம் பெறுகிறவர்கள் மட்டுமே பிரதிநிதிகளாக வருவார்கள். இங்கிலாந்தின் தேசிய நிர்வாகம் வகுத்த விதிகளில், பொறுப்பு மிகுந்த சில இடங்களுக்கு முழு நாளுக்கு 150 பவுனும், நாலு மணிக்குட்பட்ட வேலைக்கு 75 பவுனும் கொடுக்க ஏற்பாடு இருந்தது. மற்றவற்றுக்குச் செலவுத் தொகை மட்டுமே. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அரசாங்க உதவித் தொகையில் ஜீவிப்பவர் இப்படியைப் பெற்றால் உதவித் தொகை குறைந்துவிடக் கூடும். ஆகையால் ஒப்புக்கொள்ளுமுன் விசாரித்துக்கொள்ளும்படி அவ்விதிகளே எச்சரித்தன. உரிய இடத்தில் உரியவரை உட்காரவைக்க வேண்டுமானால் இந்தச் சிக்கலைத் தீர்த்தாக வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

படிப்பில்லாதவர் டாக்டர்கள் நடுவே உட்கார்ந்து என்ன சொல்லப்போகிறார் என்று சிலர் நகைக்கலாம். பஞ்சாலைத் தொழிலாளருக்கு வரும் மூச்சடைப்பு நோயை எடுத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்குப்பின் திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுகும். வாரம் செல்லச் செல்லத் தணியும். பஞ்சுத் தூசியே இதற்குக் காரணம். திங்கட்கிழமைக் கணக்கை முதலில் அறிந்தவர்கள் தொழிலாளர்களே. பருத்தி ஆலைத் தொழிலாளரின் நெஞ்சுநோயைப் பற்றி மான்செஸ்டர் டாக்டர் ஜேம்ஸ் கே 1831இலேயே எழுதினார். ஆயினும் பிரிட்டனில் அதற்கு நஷ்டஈட்டுத் திட்டம் வந்தது 1940களின் தொடக்கத்தில்தான். நூறு ஆண்டு! மற்றோர் உதாரணம் மூட்டுவாத நோய். அதற்கு மருந்து கொடுத்துச் சோதிக்கும்போது எவற்றை அளக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் சர்வதேச மாநாட்டிற்கு 2002இல் முதன்முறையாக நோயாளிகளையும் அழைத்தார்கள். வீக்கத்தையும் வலியையும் அளக்கிறீர்களே, எங்களைப் படுக்கவைக்கும் சோர்வை ஏன் அளப்பதில்லை என்று அவர்கள் கேட்டார்கள். நிபுணர்களிடம் பதில் இல்லை. ஐந்து ஆண்டுகளுக்குள், அந்நோய்க்கான எல்லாச் சோதனைகளிலும் சோர்வையும் அளக்க வேண்டும் என்ற சிபாரிசு 2007இல் வெளியாயிற்று.

இங்கிலாந்தில் இவ்வேற்பாடுகள் மறுபடியும் ஆட்டங் கண்டிருக்கின்றன. சேவையின் தேசிய நிர்வாக அமைப்பைக் கலைத்து இலாகாவோடு சேர்க்கப்போவதாக 2025 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. அவ்வாண்டு ஜூலையில் வெளியான பத்தாண்டுத் திட்டம், ஃபவுண்டேஷன் டிரஸ்டுகளுக்குக் கவர்னர்கள் இருந்தாக வேண்டும் என்ற விதியை எடுத்துவிடப்போவதாகவும், ஹெல்த்வாட்சின் வேலையை மற்ற அமைப்புகளிடம் ஒப்படைக்கப்போவதாகவும் கூறியது. நிர்வாகத்திடமே அதன் குறையைக் கண்டுபிடிக்கும் பொறுப்பைக் கொடுப்பது, சங்கத்தின் காரியதரிசியையே ஆடிட்டராகவும் வைப்பது போன்றது என்று நமக்குத் தோன்றுகிறது. அந்நாட்டில் வாழும் நம் உறவினர்கள் மனுச் செய்ய விரும்பினால் அன்றைய நிலையை விசாரித்துக்கொண்டு தொடங்குவது நலம்.

நம் நாட்டிலோ, 2005இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின்கீழ் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நோயாளர் நலச் சங்கங்களும், கிராமங்களில் சுகாதாரக் கமிட்டிகளும் ஏற்பட்டன. இவற்றை நம்மில் சிலர் அறிவர். அதிகம் பேர் அறியாத இடம் ஒன்று இருக்கிறது. புதிய மருந்துகளை மனிதர்மீது சோதிக்குமுன் அனுமதி தரும் நெறிமுறைக் குழுவே அது. 2019ஆம் ஆண்டு விதிகளின்படி அதில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். பாதிப் பேராவது அந்த ஸ்தாபனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். ஒருவர் சாதாரணப் பொதுமனிதராக இருக்க வேண்டும். டாக்டரும் விஞ்ஞானியும் வக்கீலும் வந்திருந்தாலும், இந்தப் பொதுமனிதர் இல்லாமல் கூட்டத்திற்குக் கோரம் சேராது. 2017இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட வழிகாட்டியில் அவருக்குரிய யோக்கியதை சொல்லப்பட்டிருக்கிறது: எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், கடந்த ஐந்து ஆண்டுகளில் மருத்துவத் துறை உத்தியோகம் வகித்திருக்கக் கூடாது, உள்ளூர் மொழியையும் பழக்க வழக்கங்களையும் அறிந்திருக்க வேண்டும். சோதனைக்குச் சம்மதம் கேட்டு நோயாளியிடம் நீட்டப்படும் தமிழ்த் தாள், கைநாட்டு வைக்கும் ஒருவருக்கு வாசித்துக் காட்டினால் புரியுமா என்று சொல்ல இவரைவிடத் தகுந்தவர் யார்?

இக்குழுவை நியமிப்பவர் ஸ்தாபனத்தின் தலைவர். அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியில் இடம் காலியாகும்போது தம்மைக் கருதும்படி அவருக்குக் கடிதம் எழுதலாம். தொழில், வயது, அறிந்த மொழிகள், சங்கத்தில் வகித்த பொறுப்பு, ஸ்தாபனத்தோடு தமக்குத் தொடர்பில்லை என்ற உறுதி ஆகியவை அதில் இருந்தால் போதும். நியமனம் கிடைத்தபின் சம்மதக் கடிதமும், ரகசியம் காக்கும் உறுதிமொழியும் கையெழுத்திட்டுத் தர வேண்டும்; பயிற்சியும் பெற வேண்டியிருக்கும்.